கால்கட்டு

நம் ஊர் டாஸ்மாக் கடை எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்று வகுப்பில் கேட்பதுண்டு. இதுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. விடை, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. விடையைக் கேட்டதும் வகுப்பு சிரிக்கும். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த அந்தச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் கீழ் 2003இல் வகுக்கப்பட்ட சில்லறை விற்பனை விதிகளின்படிதான் கடை திறக்கிறது, பாட்டில் கைமாறுகிறது. 21 வயது நிறையாதவருக்கு விற்கக்கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

விலக்குவதற்கு வந்த சட்டம் விற்பதற்கான சட்டமாக மாறிய கதையை நம் வரலாற்று நூல்கள் முதலமைச்சர்களின் கதையாக எழுதியிருக்கின்றன. யார் மூடினார், யார் திறந்தார், எந்த ஆண்டு, எவ்வளவு வருவாய். அந்தக் கதையில் பெண் இரண்டு இடங்களில் வருவாள். மறியலில் ஒரு படமாக. மேடைப் பேச்சில் 'தாய்மார்களின் கண்ணீர்' என்ற சொல்லாக. வளரும் பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்கும் வேலை இந்த நூறு ஆண்டுகளில் யார் தலையில் இருந்தது, அந்த வேலைக்கு வேண்டிய அதிகாரம் யார் கையில் இருந்தது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அதே வரலாற்றைத் திரும்பப் படிக்க விரும்புகிறேன்.

இந்த வரலாற்றில் எங்கள் பகுதிக்கு ஒரு தனி இடம் உண்டு. செஞ்சிக் கோட்டையிலிருந்து கிழக்கே போனால் திண்டிவனம். அதற்கு அப்பால் ஓமந்தூர். அந்த ஊரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான், 1948 அக்டோபர் 2 அன்று, சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடுவதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆட்சியில்தான் நிறைவேறியது. அதற்குப் பின்னால் முத்துலட்சுமி ரெட்டியின் நெடிய போராட்டம் இருந்தது. பொட்டுக்கட்டு ஒழிப்பில் ஒரு பெண்ணின் பெயர் நிலைத்துவிட்டது. மதுவிலக்கில் அப்படி ஒரு பெயர் நிலைக்கவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இன்னும் பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. பெற்ற தாயின் முன்பே கள்வெறி வெறுக்கத்தக்கது என்றால் சான்றோர் முன் அது என்னவாகும் என்று அதில் ஒரு குறள் கேட்கிறது. எதையும் பொறுத்துக்கொள்பவள் தாய் என்பது அந்தக் கேள்விக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை. சங்கப் பாடல்களிலோ ஔவை அதியமானோடு அமர்ந்து கள் அருந்துகிறாள். அதற்காக அவளை யாரும் பழிக்கவில்லை. புலவராக, சமமானவளாக அமர்ந்திருந்தவள் பிற்காலத்தில் காணாமல் போகிறாள்; எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய் மட்டும் நிலைத்துவிடுகிறாள். குடியைப் பற்றிய நம் பொதுப்பேச்சு இன்றைக்கும் அந்தத் தாயை விட்டு நகரவில்லை. பெண் குடித்தால் பண்பாடு கெட்டது என்று அலறும் அதே வாய்தான், மகன் குடித்தால் 'வளர்ப்பு சரியில்லை' என்கிறது. இரண்டிலும் கூண்டில் நிற்பவள் பெண்.

அரசு குடியில் காசு பார்க்கத் தொடங்கியது நேற்று இன்று அல்ல. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் ஏலத்துக்கும் வரிக்கும் உரிய பண்டங்களாக ஒழுங்குபடுத்தியது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரையோடு சாராயமும் வடித்த ஆலை இருந்தது. இ.ஐ.டி. பாரி என்ற பெயரில் உள்ள முதல் மூன்று எழுத்துகளின் விரிவு 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்' என்பது. எங்கள் பகுதிப் பனைமரங்கள் வரிக்கணக்கில் ஏறியதும் அந்தக் காலத்தில்தான். குடி, வீட்டுச் சிக்கல் ஆவதற்கு முன்பே கருவூலத்தின் வரவாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது தடையுத்தரவை மீறி வீதிக்கு வந்தவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். ஒருவர் பெரியாரின் மனைவி, இன்னொருவர் தங்கை. மறியலை நிறுத்துவது ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில்தான் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகத் திராவிட இயக்கத்தார் இன்றும் நினைவுகூர்வர். அந்தப் பெண்களின் கைக்கு வந்த முடிவெடுக்கும் உரிமை பிறகு எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. அதனால் விழுந்த வருவாய்ப் பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. பின்னாளில் கடைகள் திறந்தபோது விற்பனை வரி போய்விடவில்லை. மதுவை விட்டதற்கு ஈடாக வந்த வரியும் நிலைத்தது, மது வருவாயும் திரும்பி வந்தது.

1948 மதுவிலக்கைப் பொற்காலமாக எழுதுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பனையேறிப் பிழைத்த குடும்பங்களின் தொழில் ஒரே நாளில் குற்றமானது. பக்கத்தில் புதுச்சேரி, 1954 வரை பிரெஞ்சு ஆட்சி, அதற்குப் பிறகும் தனிச்சட்டம். எல்லையின் அந்தப் பக்கம் கடை, இந்தப் பக்கம் தடை என்றால் நடுவில் கடத்தல் வளராமல் இருக்காது. சாராயம் கடத்தியதாகவும் விற்றதாகவும் வழக்கில் சிக்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள். குடித்துச் செத்த கணவனின் கடனை அடைக்க, அவனைச் சாகடித்த பண்டத்தையே விற்க உட்கார்ந்தவர்கள் அவர்களில் உண்டு. 'மனம் திருந்திய சாராய வியாபாரிகள்' என்ற பெயரில் அரசு மறுவாழ்வுத் திட்டம் வைத்திருக்கிறது. மனம் திருந்த வேண்டியவர் அந்தப் பெண் மட்டும்தானா என்று அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் கேட்கத் தோன்றும்.

பிறகு வந்தவை பலருக்கும் தெரிந்த ஆண்டுகள். 1971இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987இல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. 1990இல் மலிவு விலை மது வந்தது, 1991இல் போனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023–24ஆம் ஆண்டில் மது மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

இந்த ஆண்டுகளை வீட்டுக்குள்ளிருந்து எப்படி எண்ணுவார்கள் என்று தெரிந்துகொள்ள, இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குச் சில ஆண்டுகளாக ஒரு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி கொடுத்துவருகிறேன். வீட்டில் இருக்கும் ஆயாவிடம் 'நம்ம வீட்டுக்குக் குடி எப்போ வந்துச்சி?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, வரும் பதிலை அப்படியே எழுதிவர வேண்டும். எந்த ஆயாவும் முதலமைச்சர் பெயரால் ஆண்டைச் சொல்லவில்லை. 'என் தாலிக்குண்டு சேட்டுக் கடைக்குப் போன வருஷம்.' 'உங்க சித்தப்பன் எட்டாவதோட நின்ன வருஷம்.' 'மல்லாட்டை வித்த காசு ஊடு வந்து சேராத வருஷம்.' ஒரு மாணவியின் ஆயா சொன்னது இது: 'அப்பன் குடிச்சான், புருசன் குடிச்சான், புள்ள குடிக்கிறான். மூணு பேருக்கும் எலுமிச்சம்பழம் புழிஞ்சி குடுத்தது நான்தான்.'

அந்த ஏடுகளில் நான் எதிர்பாராத ஒன்றும் திரும்பத் திரும்ப வந்தது. பையன்கள் கெட்ட சகவாசத்தால் குடிக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆயாக்கள் சொன்ன கதைகளில் முதல் வாய் குடி பெரும்பாலும் உறவுக்குள்ளிருந்தே வருகிறது. சாவு வீட்டில் பாடை தூக்கியவனுக்கு மாமன் ஊற்றித் தருகிறான். காணும் பொங்கலில் பங்காளி தருகிறான். கூழ் ஊற்றும் திருவிழாவில் பேனர் கட்டிய பையன்களுக்கு யாரோ ஒரு பெரிய மனிதர் வாங்கித் தருகிறார். மீசை முளைத்ததற்கு அடையாளமாக அதை வீட்டு ஆண்களே கையில் கொடுக்கிறார்கள். கொடுத்தவனை யாரும் கேட்பதில்லை. குடித்துவிட்டு வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவளைத்தான் மறுநாள் ஊர் கேட்கிறது.

பதின்ம வயதில் தொடங்கிய பழக்கம் இருபதுகளில் முற்றியதும் எங்கள் ஊர்களில் ஒரு சிகிச்சை பரிந்துரைக்கப்படும்: 'ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் பூடும்.' ஓடும் மாட்டுக்குக் காலில் கட்டும் கட்டை, மனிதனுக்கு மனைவி. தாயால் முடியாததைத் தாலி செய்யும் என்று நம்புகிறார்கள். மூன்றாம் ஆண்டு படித்த ஒரு மாணவியை அப்படித்தான் அத்தை மகனுக்குப் பேசி முடித்தார்கள். அவன் வேலைக்குப் போன இடத்தில் மாத்திரைப் பழக்கம். ஊருக்குத் திரும்பியதும் குடி. பத்திரிகை கொடுக்க வந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: 'எனக்கு மருந்துன்னு பேரு வெச்சிருக்காங்க மேடம்.' கடைசிப் பருவத் தேர்வுக்கு அவள் வரவில்லை.

இந்த ஊரின் பெருங்கதையும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மடிந்தவன் தேஜ்சிங், மக்கள் நாவில் தேசிங்கு ராஜா. அவன் இளம் மனைவி சிதை ஏறினாள் என்றும் அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை எழுந்தது என்றும் சொல்வார்கள். கோட்டையைப் பார்க்க வருபவர்களுக்கு அந்த நெருப்பு ஒரு பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஓர் இளைஞனின் அழிவோடு ஒரு பெண் தன்னைக் கட்டிக்கொள்வதைத் தியாகம் என்று பாராட்டிப் பழகிய ஊரில், 'கால்கட்டு' என்ற சொல் யார் காதிலும் உறுத்தாமல் போவதில் வியப்பில்லை.

ஆக, தடுக்கும் பொறுப்பு தனித்தனிப் பெண்களிடம் இருந்தது. கடையை எங்கே வைப்பது, யாருக்கு விற்பது என்ற அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. இந்த அமைப்பு அசைந்த ஓர் இடம் உண்டு. அது நமக்கு வடக்கே, ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்ற பெண்களுக்கான அடுத்த நிலைப் பாடநூலில் சீதம்மாவின் கதை இருந்தது; ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாராயக் கடையை மூடவைத்த ஒருத்தியின் கதை. 1992இல் தூபகுண்டா என்ற ஊரின் பெண்கள் தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தார்கள். ரோசம்மா என்ற பெயர் அந்தப் போராட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. செய்தி ஊர் ஊராகப் பரவியது. பெண்கள் கடைகளோடு நிற்காமல் நெல்லூரில் நடக்கவிருந்த சாராய ஏலத்தையே மறித்தார்கள். ஏலம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. 1993இல் சாராயம் முதலில் அந்த மாவட்டத்திலும் பிறகு மாநிலம் முழுவதும் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. காரணம், வழக்கம்போல, வருவாய்.

நெல்லூரிலிருந்து நான் கற்றுக்கொள்வது தடையின் வெற்றியையோ தோல்வியையோ பற்றியது அல்ல. அந்தப் பெண்கள் வீட்டில் கணவனோடு தனித்தனியாக மல்லுக்கட்டிக் களைத்தவர்கள். மாலை நேர வகுப்பு அவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்தது. எழுதத் தெரிந்ததும், நாள் கூலி எவ்வளவு, அதில் சாராயத்துக்குப் போவது எவ்வளவு என்று அவர்களால் கணக்குப் போட முடிந்தது. என் வீட்டு வெட்கம் என்று ஒருத்தி மறைத்தது, எல்லா வீட்டுக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்தபோது ஊர்க் கணக்கு ஆனது. அதனால்தான் அவர்களால் குடிகாரனைத் தாண்டிப் போய் ஏலம் விடுபவனைக் கேள்வி கேட்க முடிந்தது.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு காலம் வந்தது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் மாநிலத்தில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. சாலையோரம் மூடியவற்றுக்கு மாற்றிடம் தேடியபோது அவை ஊருக்குள், வயலோரம், பள்ளிக்குப் போகும் வழியில் வந்து நின்றன. ஊர் ஊராகப் பெண்கள் திரண்டார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண் ஒருவரைக் காவல் அதிகாரி ஒருவர் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. ஆனால் கிராம சபைத் தீர்மானம் மட்டுமே ஒரு கடையை மூடிவிடாது. கேட்கலாம், கெஞ்சலாம், மறிக்கலாம்; முடிவு மேலே இருந்துதான் வர வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் இதற்கு வேறொரு வழி இருக்கிறது. ஊர்ப் பெண் வாக்காளர்கள் போதிய எண்ணிக்கையில் மனுக் கொடுத்தால் கடை வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கும் பாட்டில், கிடக்கும் பாட்டில். பெண் வாக்காளர்களில் பெரும்பான்மையோர் கிடக்கும் பாட்டிலுக்கு வாக்களித்தால் கடை மூடப்படும். எழுத்தறியாதவளும் வாக்களிக்கலாம்; கணவனுக்குத் தெரியாமல் வாக்களிக்கலாம். கண்ணீரை வாக்காக மாற்றும் இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டின் எந்தக் கட்சியும் தன் தேர்தல் அறிக்கையின் முதன்மை வாக்குறுதியாக்கிப் பேசி நான் கேட்டதில்லை.

அரசு விற்றால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதத்தையும் எங்கள் பகுதி சோதித்துப் பார்த்துவிட்டது. 2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி 2019 வரை எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்த பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை அறிவித்தது. தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டத்தைத் திருத்தியது. டாஸ்மாக் பாட்டில் வாங்கக் காசு போதாத கூலிக்காரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எந்தச் சட்டத்தின் கணக்கிலும் அதுவரை வந்திருக்கவில்லை.

இனி, இன்றைய பிள்ளைகளுக்கு வருகிறேன். ஆயாக்களின் காலத்தில் போதைக்கு ஓர் இடம் இருந்தது. கடை இருந்தது, கடை வாசலில் உட்காரலாம், பூட்டுப் போடலாம். இப்போது அது சட்டைப் பையில் வருகிறது. உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைக் குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் கவலை தெரிவித்தது. கஞ்சா, வலி மாத்திரை, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்று பட்டியல் நீள்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துவதாகச் சொன்னது. மூக்கால் உறிஞ்சும் போதையில் மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளே அதிகம்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, பிள்ளைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் 1.7 விழுக்காடு. பெட்டிக்கடையில் கிடைக்கும், காசு குறைவு, வாடை கண்டுபிடிக்கத் தெரியாது. எந்தத் தாயின் மூக்குக்கும் எட்டாத போதை அது.

இதற்கு நாம் செய்வது என்ன? 2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுவதும் மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். நானும் வரிசையில் நின்று கை நீட்டிச் சொன்னேன். உறுதிமொழி கெட்டதல்ல. ஆனால் அது கேட்பது, 'இனி தொடமாட்டேன்' என்று சொல்லக்கூடிய பிள்ளையை மட்டும்தான். ஏற்கெனவே தொட்டுவிட்டவனுக்கு அந்த வரிசையில் சொல்ல ஒரு வாசகமும் இல்லை. அவன் பேச வாயெடுத்தால் மாற்றுச் சான்றிதழும் காவல் நிலையமும் நினைவுக்கு வரும். எனவே வாய் திறக்கமாட்டான். போதைப்பழக்கத்துக்கு ஆளானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், பயன்பாட்டுக்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் தொடரப்படும் வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 64ஏ பிரிவில் வழி வைத்திருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 77ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை என்கிறது. சாவு வீட்டில் ஊற்றித் தரும் மாமனுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். இந்த இரண்டு பிரிவுகளும் எங்கள் ஊர்ச் சுவர்களில் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

சிகிச்சையின் வரலாற்றிலும் ஒரு பெண் இருக்கிறார். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடாகவே எல்லோரும் பார்த்த நாளில் அதை நோயாகப் பார்த்த மருத்துவமனை அது. 1989 முதல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில் அவர்கள் முகாம் நடத்தினார்கள். நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் மருத்துவர்களும் ஆலோசகர்களும் ஊருக்குப் போனார்கள். ஊராரே இடமும் உணவும் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு வாரச் சிகிச்சையும் அதன் பிறகு தொடர் கண்காணிப்பும். இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. மனைவிக்கும் தாய்க்கும் தனியே ஆலோசனை இருந்தது. அங்கே மனைவி மருந்தாக அழைக்கப்படவில்லை. குடியால் நோயுற்ற இன்னொருத்தியாக அவளும் கவனிக்கப்பட்டாள். கால்கட்டு என்ற சொல்லுக்கு நான் அறிந்த சரியான மறுப்பு அதுதான்.

தடுப்பு என்றால் பெரும்பாலும் பிள்ளையின் மாலை நேரம் என்பதை ஐஸ்லாந்து காட்டியது. 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய மாதம் குடித்து வெறித்தவர்கள் 1998இல் 42 விழுக்காடாக இருந்தனர். 2016இல் 5 விழுக்காடு. ஆண்டுதோறும் பள்ளிவாரியாகக் கணக்கெடுத்தார்கள், இரவில் பிள்ளைகள் வெளியே திரியும் நேரத்தைக் குறைத்தார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசே பணம் கொடுத்தது, பெற்றோர் இருவரும் கூடிப் பேசி உடன்பாடு செய்துகொண்டார்கள். பணக்கார நாடு, சிறிய நாடு என்று தள்ளிவிடலாம். ஆனால் நம் ஊர்ப் பையனின் மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கப் பணம் வேண்டாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள்; 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை. அதைச் சுற்றி வளரும் பிள்ளைகளுக்கு ஓர் இரவு நூலகமோ, விளக்குப் போட்ட மைதானமோ எத்தனை ஊராட்சிகளில் இருக்கிறது? பெண் பிள்ளைக்கு அந்த மாலையும் கிடையாது. அண்ணன் குடிக்கிறான் என்பதால் தங்கையை வெளியே விடுவதில்லை. அவனால் வரும் அவமானம் வீட்டைத் தொடுமுன் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிடுகிறார்கள். இளைஞர் போதை என்று நாம் பேசும்போது குழந்தைத் திருமணத்தையும் சேர்த்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் 2 அன்று டாஸ்மாக் கடைகள் மூடியிருக்கும். 1948இல் மாகாண மதுவிலக்கு தொடங்கிய நாளும் அதுதான். அதே நாளில் தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. கடை மூடிய அந்த ஒரு நாளில் சபையில் பெண்கள் கேட்கக்கூடியவை என்று நானும் என் மாணவிகளும் சேர்ந்து ஒரு தாள் எழுதினோம். ஊரில் கடை வேண்டுமா என்று பெண்களின் ரகசிய வாக்கெடுப்பு. வட்டாரத்துக்கு ஒரு முறையாவது, ஊருக்கே வரும் சிகிச்சை முகாம்; அதில் தாய்க்கும் மனைவிக்கும் தனி ஆலோசனை. பள்ளியில் பயிற்சி பெற்ற ஆலோசகர். தொட்டுவிட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் இல்லை என்ற எழுத்துமூல உறுதி. 64ஏ, 77 ஆகிய இரண்டு பிரிவுகளும் ஊராட்சி அலுவலகச் சுவரில். சாவு வீட்டிலும் திருவிழாவிலும் 21 வயதுக்கு உட்பட்டவனுக்கு ஊற்றிக் கொடுப்பதில்லை என்று ஆண்கள் எழுந்து நின்று எடுக்கும் உறுதிமொழி. 14446 என்ற இலவச உதவி எண் எல்லா வீட்டுக்கும்.

கடைசி வரியை மாணவி ஒருத்தி சேர்த்தாள். பழக்கத்தைத் திருத்துவதற்காகச் செய்யும் கல்யாணத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் யாரும் போய் உட்காரக்கூடாது என்பது அந்த வரி. அது சபையில் ஏறுமா என்று தோழிகள் கேட்டார்கள். ஏற்றுவோம் என்றாள்.